மாப்பிள்ளை வாட்சின் மெஷின்

எங்கள் பக்கத்துக் கல்யாணங்களில் பெண் வீட்டார் மாப்பிள்ளைக்கு மோதிரம் போடுவார்கள், வாட்ச் கட்டுவார்கள். மோதிரம் கொஞ்ச நாளில் இறுகிப்போய் பீரோவுக்குள் போய்விடும். வாட்ச் அப்படியில்லை. தினமும் கையில் இருக்கும். மணி பார்க்கும்போதெல்லாம் மாமனார் ஞாபகம் வரும். இந்த ஏற்பாட்டைக் கண்டுபிடித்தவர் கட்டாயம் ஒரு மாமனாராகத்தான் இருக்க வேண்டும்.

எனக்கு என் மாமனார் கட்டியது அந்தக் காலத்து அரசாங்கக் கம்பெனி வாட்ச். சாவி கொடுத்தால் ஓடுவது. வெள்ளை டயல், தங்க நிற எண்கள். அதை நான் கேட்கவில்லை. கேட்டது என் அம்மா. நிச்சயதார்த்தத்தன்று தட்டு மாற்றி முடித்து எல்லாரும் வாயெல்லாம் பல்லாக நிற்கிற நேரம் பார்த்து, நாங்கள் வேறு எதுவும் கேட்கவில்லை, மாப்பிள்ளைக்கு வாட்ச் மட்டும் அந்தக் கம்பெனி வாட்சாக இருக்கட்டும் என்றாள். வேறு எதுவும் கேட்காதவர்கள் கேட்கிற அந்த ஒரு பொருள் எப்போதும் கடையில் கிடைக்காததாகத்தான் இருக்கும். அந்த வாட்சும் அப்போது நினைத்தவுடன் கிடைக்காது. சொல்லிவைத்துக் காத்திருக்க வேண்டும், இல்லையென்றால் யாரையாவது தெரிந்திருக்க வேண்டும். என் மாமனாருக்கு யாரையும் தெரியாது. அவர் குரோம்பேட்டைப் பள்ளிக்கூடம் ஒன்றில் டிராயிங் மாஸ்டர். முகூர்த்தத்துக்கோ நாள் நெருங்கிவிட்டது.

இருந்தும் மணவறையில் அந்த வாட்ச் வந்தது. மீசை முளைக்காத என் மச்சான் அதை என் கையில் கட்டினான். அம்மா குனிந்து, டயலில் இருந்த பெயரை எழுத்துக்கூட்டிப் படித்துவிட்டுத் தலையை ஆட்டினாள். அதற்குப் பிறகு சாகும்வரை, எங்கள் சம்பந்தி சொன்ன சொல் தவறாதவர் என்று தெருவில் போகிறவர்களைக் கூப்பிட்டுச் சொல்லிக்கொண்டிருந்தாள்.

வாட்ச் ஓடியது. ஆனால் நிதானமாக ஓடியது. நான் மணி பார்த்துக்கொண்டு தாம்பரம் ஸ்டேஷனில் சாவகாசமாகப் படி இறங்கும்போது பீச் ரயில் கிளம்பிப் போய்க்கொண்டிருக்கும். மாமனாரும் எந்த விசேஷத்துக்கும் கடைசிப் பந்திக்குத்தான் வந்து சேருவார். வாட்சில் அவர் குணம் இறங்கியிருக்கிறது என்று மனைவியிடம் சொல்வேன். வீட்டில் எந்தச் சண்டை வந்தாலும், அது பால் பொங்கி வழிந்ததைப் பற்றியதாக இருந்தாலும் சரி, நான் முதலில் வாட்சைத்தான் இழுப்பேன். அவளும் விட்டுக்கொடுக்க மாட்டாள். தினமும் காலையில் நான் குளிக்கப் போகும்போது அவள்தான் அதற்குச் சாவி கொடுத்து, கர்ச்சீப்புக்கும் சீசன் டிக்கெட்டுக்கும் பக்கத்தில் வைப்பாள். என் கையில் கொடுத்தால் முறுக்கி உடைத்துவிடுவேன் என்பது அவள் கட்சி. ரிப்பேர் கடைக்குக் கொண்டுபோகவும் விட்டதில்லை. கடைக்காரன் கழற்றிப் பார்க்கிற சாக்கில் உள்ளே இருக்கும் நல்லதை எல்லாம் எடுத்துக்கொண்டுவிடுவான் என்பாள். ஆக முப்பது வருஷத்துக்கு மேல் வாட்சைக் கட்டிக்கொண்டு அலைந்தது நான், ஓட்டியது அவள். குடும்பத்தில் மற்ற காரியங்களும் ஏறக்குறைய அப்படித்தான் நடந்தன.

நான் ரிட்டயர் ஆன பிறகு எனக்கு மணி தேவைப்படவில்லை. அவளும் சாவி கொடுப்பதை நிறுத்தினாள். வாட்ச் பீரோவுக்குள் போனது. ஒருநாள் எடுத்துப் பார்த்தபோது சாவி சும்மா சுற்றியது, முள் அசையவில்லை. எங்கள் பெண்ணுக்கு வரன் அமைகிறவரை அதைப் பற்றி யாரும் கவலைப்படவில்லை.

வரப்போகிற மாப்பிள்ளைக்குச் சிறுசேரியில் ஒரு கம்பெனியில் வேலை. நல்ல பையன். அவர் கையில் பட்டையாக ஒரு வாட்ச் இருக்கும். அது அவர் நடக்கிற நடை, தூங்குகிற தூக்கம், இதயத் துடிப்பு எல்லாவற்றையும் கவனித்துக்கொண்டு, எப்போதாவது மணியும் காட்டும். சனி, ஞாயிறுகளில் பழைய வாட்சுகளைத் தேடிச் சேர்ப்பது அவர் பொழுதுபோக்கு. நாங்கள் முறைப்படி, உங்களுக்கு எந்த மாதிரி வாட்ச் வாங்கலாம் என்று கேட்டோம்.

"புதுசு எதுவும் வேணாம் அங்கிள். உங்க கல்யாண வாட்ச் இருக்குன்னு அவ சொன்னா. அதைக் குடுத்துடுங்க. அதான் வின்டேஜ்," என்றார்.

என் மனைவிக்குக் கண் கலங்கிவிட்டது. அன்று சாயங்காலத்துக்குள் சேலையூரிலிருந்து கோயம்புத்தூர் வரைக்கும் உள்ள எங்கள் உறவுக்காரர்கள் அத்தனை பேருக்கும் விஷயம் போய்விட்டது. அப்பா வாட்சைப் பேத்தி புருஷன் கட்டிக்கொள்ளப் போகிறான். சம்பந்தியம்மாவும் நெகிழ்ந்துபோய், இந்தக் காலத்தில் இப்படியொரு குடும்பமா என்று போனில் சொன்னாராம். வாட்ச் ஓடவில்லை என்ற சின்ன விஷயத்தை மட்டும் யாரும் யாருக்கும் சொல்லவில்லை.

ஓட வைக்கும் பொறுப்பு என் தலையில் விழுந்தது. கூடவே புத்திமதிகளும் வந்தன. உள்ளே இருக்கும் இயந்திரத்தை மாப்பிள்ளை மூவ்மென்ட் என்பார். எக்காரணம் கொண்டும் மூவ்மென்ட்டை மாற்ற விடாதீர்கள், ஒரிஜினல் மூவ்மென்ட் இல்லாவிட்டால் அது வாட்சே இல்லை என்றார். வெள்ளை உறை போட்ட கைகள் இடுக்கியால் சக்கரங்களை எடுத்து வைக்கும் வீடியோக்களை எனக்கு அனுப்பிக்கொண்டே இருந்தார். என் மனைவி சுருக்கமாகச் சொன்னாள். அப்பா கொடுத்ததில் ஒரு ஸ்க்ரூகூட மாறக் கூடாது.

மேற்குத் தாம்பரத்தில் ஸ்டேஷனுக்கு எதிர்ச் சந்தில் ஒரு கடைக்குப் போனேன். பாதிக் கடை வாட்ச், பாதிக் கடை மொபைல் கவர். கடைக்காரருக்கு என் பெண்ணைவிடக் கொஞ்சம் வயது கூட இருக்கும். பழைய வாட்சுகளைக் கண்டாலே அவருக்கு ஆகாது. இந்த இயந்திரத்துக்கு அவர் சொல்லும் பெயர் மெஷின். எந்த வாட்சைக் கொண்டுபோனாலும், உள்ளே இருப்பதைத் தூக்கிப் போட்டுவிட்டுப் பேட்டரி மெஷின் வைத்துவிடலாம் என்பதுதான் அவர் தரும் ஒரே வைத்தியம். சாவி குடுக்குற வாட்ச் எல்லாம் பேஜார் சார் என்று என்னிடமும் ஆரம்பித்தார். நான் மாப்பிள்ளையின் பாடத்தை ஒப்பித்தேன். ஒரிஜினல் மூவ்மென்ட், மாற்றக் கூடாது, மதிப்பு போய்விடும். அவர் சலித்துக்கொண்டே பின்மூடியைத் திறந்தார். கண்ணில் லென்சை வைத்துப் பார்த்தார். பிறகு லென்சை எடுத்துவிட்டு என்னைப் பார்த்தார்.

"சார், இது அந்தக் கம்பெனி மெஷினே இல்ல. டயலு அவங்களுது, டப்பா அவங்களுது. உள்ள கீறது வேற. எவனோ சேத்துக் கட்டி வித்துக்கீறான்."

நான் நம்பவில்லை. அவர் மெஷினை வெளியே எடுத்து டயலைப் பிரித்துக் காட்டினார். டயலுக்குப் பின்னால் ஊசி போல இரண்டு கால்கள் இருக்க வேண்டுமாம். அவை மெஷினில் உள்ள துளைகளில் இறங்கி உட்கார வேண்டும். வேறு மெஷின் என்பதால் துளைகள் பொருந்தவில்லை. யாரோ இரண்டு கால்களையும் வெட்டிவிட்டு டயலைப் பசை போட்டு ஒட்டியிருக்கிறார்கள். மெஷினில் எந்த ஊர்ப் பெயரும் இல்லை, எந்தக் கம்பெனிப் பெயரும் இல்லை. அனாதை மெஷின். வாட்ச் எங்கள் வீட்டுக்கு வந்த பிறகு ஒருமுறைகூட ரிப்பேர் கடை வாசலை மிதித்ததில்லை. ஆகவே இந்தக் காரியம் முகூர்த்தத்துக்கு முன்னாலேயே நடந்து முடிந்திருக்கிறது.

"ரிப்பேர் பண்ணா இதே ஓடும் சார்," என்றார் கடைக்காரர். "ஸ்பிரிங் அந்துகீது, ஆயில் காஞ்சிகீது, அவ்ளோதான். இல்ல, அந்தக் கம்பெனி மெஷின்தான் வோணும்னா எங்கனா பாத்து எடுத்துகினு வா, போட்டுத் தரேன். இன்னா பண்றதுன்னு நீதான் சொல்லணும்."

யோசித்துச் சொல்வதாக வாட்சை வாங்கிக்கொண்டு கிளம்பினேன். செம்பாக்கம் பஸ்ஸில் ஜன்னலோரம் உட்கார்ந்தபோது எனக்கு உண்டானது வருத்தமில்லை. சந்தோஷம். சுத்தமான, கலப்படமில்லாத சந்தோஷம். இத்தனை வருஷமாக வாட்ச் மெதுவாக ஓடுகிறது என்ற ஒரே குற்றச்சாட்டை வைத்துக்கொண்டு பிழைப்பை ஓட்டியிருக்கிறேன். இப்போது புதையலே கிடைத்திருக்கிறது. எங்கள் சம்பந்தி சொன்ன சொல் தவறாதவர்! வீட்டுக்குப் போய் முதல் வாக்கியத்தை எப்படி ஆரம்பிப்பது என்று ராஜகீழ்ப்பாக்கம் வரைக்கும் ஒத்திகை பார்த்தேன்.

ஒத்திகைக்கு நடுவே வேறொன்று வந்து புகுந்துகொண்டது. மாமனார் எங்கள் வீட்டுக்கு வரும்போதெல்லாம், செருப்பைக் கழற்றுவதற்கு முன்னாலேயே, வாட்ச் ஓடுதா மாப்ளே என்று கேட்பார். ஓடுகிறது என்பேன். அப்புறம்தான் உள்ளே வந்து உட்காருவார். கொடுத்ததைச் சொல்லிக் காட்டுகிறார் என்று எனக்கு எரிச்சலாக இருக்கும். இப்போது அந்தக் கேள்வியைத் திருப்பிப் போட்டுப் பார்த்தேன். உள்ளே இருப்பது தெரியாமல் கேட்டிருந்தால் அது பெருமை. தெரிந்தே கேட்டிருந்தால் அது பயம். இரண்டுக்கும் அதே வார்த்தைகள்தான். மனிதர் ஏமாற்றினாரா, ஏமாந்தாரா? கேட்டுத் தெரிந்துகொள்ள அவர் இல்லை. அவர் ஏமாற்றியிருந்தால் நன்றாக இருக்குமே என்று ஆசைப்பட்டேன். ஏமாந்திருந்தால், கல்யாண அவசரத்தில் என் அம்மாவின் ஒரு வாக்கியத்துக்காகக் கடை கடையாக ஏறி இறங்கியவர் அவர் என்றாகிவிடும். அது எனக்குப் பிடிக்கவில்லை.

வீட்டுக்குள் நுழைந்தபோது மனைவி தன் அக்காவோடு போனில் இருந்தாள். அப்பாவோட வாட்ச் ரிப்பேருக்குப் போயிருக்குக்கா, அவர்தான் பாவம் வெயில்ல எடுத்துட்டுப் போயிருக்கார் என்று சொல்லிக்கொண்டிருந்தாள். அவள் என்னைப் பற்றிப் 'பாவம்' என்று சொல்லி நான் கேட்டதே கிடையாது. ஒத்திகை பார்த்த வாக்கியத்தை மெல்லவும் முடியவில்லை, விழுங்கவும் முடியவில்லை. கடைக்காரன் பார்க்கிறேன் என்றிருக்கிறான், கொஞ்சம் நாளாகும் என்று மட்டும் சொன்னேன்.

அதற்குப் பிறகு வந்த நாட்களில் நான் ஏரிக்கரையில் காலை நடை போகிறபோதெல்லாம் இதே யோசனைதான். இருப்பதை ரிப்பேர் செய்தால் வாட்ச் ஓடும். ஆனால் மாப்பிள்ளை சும்மா கட்டிக்கொள்கிற ஆளில்லை. முதல் வாரமே பின்மூடியைத் திறப்பார். படம் எடுத்துத் தன் வாட்ச் நண்பர்களுக்கெல்லாம் அனுப்புவார். நண்பர்கள் சிரிப்பார்கள். அவர் நல்ல பையன்தான், அன்றைக்கு ஒன்றும் சொல்ல மாட்டார். ஆனால் என்றைக்காவது வீட்டில் பால் பொங்கி வழியும். அன்றைக்கு உங்கள் தாத்தா வாட்ச் லட்சணம் தெரியாதா என்று என் பெண்ணிடம் கேட்பார். மாமனார் வீட்டு வாட்சை ஒரு மாப்பிள்ளை எப்படியெல்லாம் பயன்படுத்த முடியும் என்பதில் எனக்கு நீண்ட அனுபவம் உண்டு. என் மனைவி அதைக் காதால் கேட்க வேண்டியிருக்கும். நான் பேசியதைக்கூட அவள் தாங்கிக்கொண்டாள், ஏனென்றால் நான் சொன்னது பொய் என்று அவளுக்கு உறுதியாகத் தெரியும். இதில் அந்த வசதி இல்லை.

மெஷினை மாற்றினால்? யாரும் எப்போது திறந்து பார்த்தாலும் மாமனார் மானம் தப்பும். ஆனால் ஒரு ஸ்க்ரூகூட மாறக் கூடாது என்றவளுக்குத் தெரியாமல் உள்ளே இருக்கிற எல்லாவற்றையும் தூக்கிப் போட வேண்டும். ஒரிஜினல் ஆக்குவதற்காக ஒரிஜினலாக இருந்ததை எடுத்துவிட வேண்டும். யோசிக்க யோசிக்க எனக்கே சிரிப்பு வந்தது. கடைசியில் மாற்றுவது என்று முடிவு செய்தேன். என் அம்மா கொடுத்த நற்சான்றிதழைக் காப்பாற்றுகிற கடமையும் எனக்கு இருக்கிறது அல்லவா?

வெள்ளிக்கிழமை பல்லாவரம் சந்தைக்குப் போனேன். செடி வாங்கப் போகிறேன் என்று வீட்டில் சொல்லியிருந்தேன். சந்தையில் பழைய மின்விசிறி, மிக்ஸி ஜார், உடைந்த ஸ்கூட்டரின் கண்ணாடி எல்லாம் தாண்டிப் போனால், தரையில் தார்ப்பாய் விரித்துப் பழைய வாட்சுகளைக் குவித்துவைத்திருப்பார்கள். அந்தக் கம்பெனிப் பெயர் போட்ட வாட்சே ஒரு கூடை இருந்தது. எல்லாம் ஒரிஜினல் சார் என்றார் விற்பவர். திறந்து காட்டச் சொன்னேன். அவருக்குக் கோபம் வந்துவிட்டது. கல்யாணத்தில் வாட்ச் வாங்கியபோது நானோ அம்மாவோ திறந்து காட்டச் சொல்லியிருந்தால் எவ்வளவு அசிங்கமாக இருந்திருக்கும் என்று அப்போதுதான் தோன்றியது. வெயிலில் குந்தி உட்கார்ந்து கெஞ்சி, ஒவ்வொன்றாகத் திறக்க வைத்தேன். பாதிக்கு மேல் என் மாமனார் வாட்ச் ரகம்தான். ஊரில் எத்தனை மாப்பிள்ளைகள் இப்படித் திரிகிறார்களோ! கடைசியில் கறுப்பு டயலோடு ஒன்று கிடைத்தது. கண்ணாடி விரிசல், வார் இல்லை. உள்ளே மெஷினில் அந்தக் கம்பெனியின் முத்திரை பளிச்சென்று இருந்தது. சொன்ன பொய்க்காக ஒரு கறிவேப்பிலைச் செடியும் வாங்கி, பஸ்ஸில் மடியில் வைத்துக்கொண்டு வந்தேன்.

தாம்பரம் கடைக்காரர் கறுப்பு டயல் வாட்சின் மெஷினைச் சுத்தம் செய்து, எங்கள் வாட்சுக்குள் வைத்து, காலில்லாத வெள்ளை டயலை அதன்மேல் மறுபடியும் ஒட்டினார். பழைய மெஷினையும் காலியான கறுப்பு டயல் வாட்சையும் ஒரு மாத்திரை டப்பாவில் போட்டு, குப்பையை நீங்களே எடுத்துக்கொண்டு போங்கள் என்பது போலக் கொடுத்தார். சட்டைப் பையில் போட்டுக்கொண்டேன்.

வீட்டில் மனைவி கையைத் துடைத்துக்கொண்டு வந்து வாட்சை வாங்கினாள். டயலைத் தடவிப் பார்த்தாள். முகம் மலர்ந்து சாவியைத் திருப்ப ஆரம்பித்தாள். திருப்பிக்கொண்டே இருந்தவள் நிறுத்தினாள். காதில் வைத்துக் கேட்டாள். மறுபடி திருப்பினாள்.

"இது வேற," என்றாள்.

ஆயில் போட்டிருக்கிறான், அதனால் அப்படி இருக்கும் என்றேன். அவள் கேட்கவில்லை. பழையதில் சாவி முடியப்போகிற இடத்தில் ஒரு முரண்டு பிடிக்குமாம், விரலுக்குத் தெரியுமாம். இது வழுக்கிக்கொண்டு போகிறதாம். சத்தமும் அதில்லையாம். முப்பது வருஷம் அந்த வாட்சைக் கையில் கட்டியிருந்த எனக்கு அதற்கு ஒரு சத்தம் இருந்ததே தெரியாது. என்ன பண்ணினீங்க என்று கேட்டாள். நான் சொல்லிவிட்டேன். கடைக்காரர் திறந்தது, வெட்டிய கால்கள், அனாதை மெஷின், பல்லாவரம், கறிவேப்பிலைச் செடி எல்லாவற்றையும். எத்தனையோ நாள் சண்டைக்காகக் காத்திருந்த ஆயுதத்தைக் கையில் வைத்துக்கொண்டு, ஒவ்வொரு வார்த்தையையும் தயங்கித் தயங்கிச் சொன்னேன்.

அவள் முகத்தில் ஈயாடவில்லை. வாட்சை மேஜைமேல் வைத்துவிட்டுச் சமையலறைக்குப் போய்விட்டாள். மறுநாள் காபியைக் கொண்டுவந்து வைத்துவிட்டு, அந்தப் பழசு எங்கே என்று கேட்டாள். மாத்திரை டப்பாவை எடுத்துக் கொடுத்தேன். மெஷினை உள்ளங்கையில் வைத்து ஜன்னல் வெளிச்சத்தில் பார்த்தாள். எட்டணா காசைவிடக் கொஞ்சம் பெரியது, அவ்வளவுதான்.

"இத்தனை வருஷம் ஓடினது இதுதானே?"

ஆமாம் என்றேன்.

"நான் சாவி குடுத்தது இதுக்குத்தானே?"

அதற்கும் ஆமாம் என்றேன். தைரியத்தை வரவழைத்துக்கொண்டு, உங்கள் அப்பாவுக்குத் தெரிந்திருக்குமா என்று கேட்டேன். அவள் மெஷினை டப்பாவில் வைத்து மூடினாள்.

"மாப்பிள்ளைக்கு அந்த வாட்சையே குடுத்துடலாம். இதை எப்படியாவது ஓட வெச்சு எனக்கு எடுத்துட்டு வாங்க."

தாம்பரம் கடைக்காரருக்கு எங்கள் குடும்பத்தின்மேல் சந்தேகம் வந்துவிட்டது. எதற்கும் ஒரு முறை பேட்டரி மெஷின் என்று சொல்லிப் பார்த்தார். பிறகு, நல்லா கீற டயலோட காலைப் போய் வெட்டச் சொல்றியே சார் என்று நொந்துகொண்டார். இருந்தாலும் ஸ்பிரிங் மாற்றி, ஆயில் போட்டு, கறுப்பு டயலின் கால்களை வெட்டி, அனாதை மெஷினைப் பல்லாவரத்து வாட்சுக்குள் உட்காரவைத்து, புதுக் கண்ணாடியும் வாரும் போட்டுக் கொடுத்தார். ஆக, மாமனார் வாட்ச் இப்போது இரண்டாகிவிட்டது. வெளியே மாமனார், உள்ளே பல்லாவரம் என்று ஒன்று. வெளியே பல்லாவரம், உள்ளே மாமனார் என்று இன்னொன்று.

கல்யாணம் கேம்ப் ரோடு பக்கம் ஒரு மண்டபத்தில் நடந்தது. எங்கள் பெண்ணுக்குக் கூடப்பிறந்தவன் இல்லை. பெரியப்பா பையன் வாட்சைக் கட்டினான். நான் பக்கத்தில் நின்றுகொண்டிருந்தேன், என் கல்யாணத்தில் மாமனார் நின்ற அதே பக்கம். சேர்த்துக் கட்டிய வாட்ச் ஒன்றை ஒரிஜினல் என்று சொல்லி ஒரு பையன் கையில் கட்டவைத்துக்கொண்டு, சிரித்த முகமாக நிற்பது எவ்வளவு கஷ்டமான வேலை என்று அப்போது எனக்குத் தெரிந்தது. மாப்பிள்ளை வாட்சைக் காதில் வைத்துக் கேட்டார். அவருக்கு முகமெல்லாம் சந்தோஷம். சம்பந்தியம்மா என் மனைவியின் கையைப் பிடித்துக்கொண்டு, உங்கள் அப்பா எவ்வளவு நல்ல பொருளாகப் பார்த்து வாங்கியிருக்கிறார் என்று மெச்சினார். ஆமாம், அப்பா இதுக்காக ரொம்ப அலைஞ்சார் என்றாள் இவள். பட்டுப் புடவையும் தங்க வளையலுமாக நின்ற அவள் இடது கையில், ஆம்பிளை வாட்சாகக் கறுப்பு டயலில் ஒன்று பெரிதாகத் தெரிந்தது. யாரோ கேட்டதற்கு, இப்போ இதுதான் ஃபேஷன் என்றாள். பல்லாவரத்தில் அலைந்தது நான் என்பதைச் சொல்லிக்கொள்ள அது இடமில்லை.

இரண்டு மூன்று வாரம் நிம்மதியாகப் போனது. ஒரு ஞாயிற்றுக்கிழமை மாப்பிள்ளையிடமிருந்து போன் வந்தது. கல்யாணத்துக்குப் பிறகு நான் அங்கிளிலிருந்து மாமாவாக உயர்ந்திருந்தேன். வாட்சை முழுசாகப் பிரித்துப் பார்த்தாராம். மூவ்மென்ட் பக்கா ஒரிஜினல் மாமா என்றார். எனக்கு மூச்சு வந்தது. ஆனால் அவர் முடிக்கவில்லை. டயலைப் பிரித்திருக்கிறார். கால் இரண்டும் வெட்டியிருக்கிறது, பசை போட்டு ஒட்டியிருக்கிறது. அந்த மூவ்மென்ட்டுக்கு அந்த டயலின் காலை வெட்ட வேண்டிய அவசியமே இல்லையே, தாத்தாவை யாரோ ஏமாற்றியிருக்கிறார்கள்போல என்றார். குரலில் பரிதாபம்தான் இருந்தது, கேலி இல்லை. கேலி பின்னால் வரும் என்பது எனக்குத் தெரியும்.

மனைவி சோபாவில் உட்கார்ந்து கீரை ஆய்ந்துகொண்டிருந்தாள். கை நின்றுவிட்டது.

"அவர் இல்ல மாப்ளே, ஏமாந்தது நான்," என்றேன். "அவர் குடுக்கறப்போ எல்லாம் சரியாத்தான் இருந்தது. நடுவுல ஒரு தடவை கீழ போட்டுட்டேன். எவனோ ஒருத்தன்கிட்ட ரிப்பேருக்குக் குடுத்தேன், அவன் காலை வெட்டி ஒட்டிட்டான். வீட்ல தெரிஞ்சா திட்டுவாங்கன்னு சொல்லல."

"பரவால்ல மாமா, மூவ்மென்ட் தப்பிச்சுதே, அது போதும். இனிமே எதுன்னாலும் என்கிட்ட ஒரு வார்த்தை கேட்டுட்டுப் பண்ணுங்க."

அந்தக் குரல் எனக்கு நன்றாகப் பழகிய குரல். மாமனார் பெயின்ட் வாங்கி வந்தபோதும், ஸ்டெபிலைசர் வாங்கி வந்தபோதும் நான் அவரிடம் இதே பொறுமையோடு, இதே தொனியில் பேசியிருக்கிறேன். சரி மாப்ளே என்று சொல்லி போனை வைத்தேன். வெட்கமாகத்தான் இருந்தது. ஆனாலும் மனம் லேசாகிவிட்டது.

மனைவி கீரைக்கட்டைக் கீழே வைத்தாள்.

"எங்கப்பா இதைக் கேட்டிருக்கணும்."

"கேட்டிருந்தாலும் நான்தான் பேசினேன்னு நம்பியிருக்க மாட்டார்," என்றேன்.

"நம்பியிருப்பார்," என்றாள். "அவர் யார் என்ன சொன்னாலும் நம்பறவர்தானே."